அம்மாவின் போனுக்கு வந்த செய்தி

ஆஸ்பத்திரி அனுப்பும் அவசரச் செய்தி வீட்டுக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்யும் கம்பெனியில் நான் டெஸ்டர். செய்தி வந்து விழ நிஜமான போன் வேண்டும் என்பதால், எங்கள் டீமில் ஆளுக்கொரு வீட்டு நம்பரைக் கொடுத்து வைப்போம். நான் கொடுத்தது அம்மாவுடையதை.

முன்பெல்லாம் நாளுக்கு ஒன்றோ இரண்டோதான். "வந்துருச்சுடி, நோயாளி நிலை மோசமாம், உடனே வரணுமாம்" என்று அம்மா சிரித்துக்கொண்டே போன் செய்வாள். பிறகு டெஸ்ட் செய்ய ஏஐ ஏஜெண்டுகள் வந்தன. நான் ஒரு வரி சொன்னால் போதும். அவையே ஒரு நோயாளியைப் படைத்து, கட்டிலில் படுக்க வைத்து, சாகக் கிடத்தி, செய்தியும் அனுப்பிவிட்டு, சேர்ந்ததா என்று சரிபார்த்துக்கொள்ளும். களைப்பு கிடையாது, டீ கிடையாது. அம்மாவின் போனில் ஒரே நாளில் நூறு பேர் உயிருக்குப் போராடினார்கள்.

"என்னடி இது, போனைத் தொடவே பயமா இருக்கு."

"அதெல்லாம் என் ஏஜெண்ட் பண்ற வேலைம்மா. கண்டுக்காத."

அப்பாவைக் குடல் ஆபரேஷனுக்குச் சேர்த்த ஆஸ்பத்திரியிலும் எங்கள் மென்பொருள்தான். கவுன்ட்டரில் அம்மாவின் நம்பரைக் கொடுத்தேன், பெருமையாக வேறு. டெஸ்டிலிருந்து அந்த நம்பரை எடுத்துவிட வேண்டும் என்று அப்போதே தோன்றியது. இந்த மென்பொருள் ரிலீஸ் முடியட்டும், அப்புறம் மாற்றலாம் என்று விட்டுவிட்டேன். ஊரார் செய்யும் தப்பையெல்லாம் துருவித் துருவிப் பிடிக்கிற மகராசி நான்.

மூன்றாம் நாள் மதியம் அம்மா குளித்துச் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தாள். நான் ஆபீசில் இருந்தேன். இரண்டு பத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. செய்தியில் நோயாளியின் பெயரைப் போடக் கூடாது என்பது விதி. காலையிலிருந்து வந்திருந்த முப்பத்தெட்டு செய்திகளும் எழுத்துக்கு எழுத்து அதேதான். அம்மா படித்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அப்பாவுக்கு மாற்றுச் சட்டையை மடித்தாள். நான்கு மணிக்கு வார்டுக்குப் போனபோது அவர் முகத்தை மூடியிருந்தார்கள்.

நான் ஓடிவந்ததும் நர்ஸ் என்னைத் தனியே அழைத்துச் சொன்னாள். "கடைசி வரைக்கும் வாசலையே பார்த்துக்கிட்டிருந்தாரு. அவ வந்துட்டாளா, வந்துட்டாளான்னு கேட்டுக்கிட்டே..."

அம்மா என்னைத் திட்டவில்லை. நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை. வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"என்னைத் தேடினாராடி?"

"இல்லம்மா. தூக்கத்துலயே போயிட்டாராம்."

அம்மா நம்பிவிட்டாள். நான் எது சொன்னாலும் நம்புகிறவள்தான். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப சரி. தூங்குற மனுஷனை, நான் வந்திருந்தாலும் எழுப்பியிருக்க மாட்டேன். நீ அழாத."