நூற்றைம்பது சொற்களுக்கு மிகாமல்

போன வருடம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் அவளுக்கு நான்கு மதிப்பெண் குறைந்துபோனது. பாடம் தெரியாமல் இல்லை. கட்டுரையின் முதல் வாக்கியத்தை ஏழு விதமாக எழுதி ஏழையும் அடித்து, பிறகு பக்கம் பக்கமாக எழுதித் தள்ளிவிட்டு நிமிர்ந்தபோது மணி அடித்துவிட்டது. மற்ற கேள்விகள் அப்படியே கிடந்தன.

அவள் மருந்துக்கடையில் பில் போடுகிறவள். பாஸ் செய்துவிட்டால் மருந்தாளுநர் படிப்புக்குத் தானே அனுப்பி வைப்பதாக முதலாளி சொல்லியிருந்தார். இந்த முறையும் விட்டால் அந்த இடம் கடையில் உடன் வேலை செய்யும் இன்னொரு பெண்ணுக்கு. முப்பத்திரண்டு வயதுக்காரிக்காக இன்னும் எத்தனை நாள்தான் காத்திருப்பார்?

கணவனுக்கு நாளிதழ் அலுவலகத்தில் வரி விளம்பரம் வாங்கும் கவுன்ட்டரில் வேலை. வீடு வாடகைக்கு, நாய் காணவில்லை, காலமானார். வருகிறவர்கள் மூச்சுவிடாமல் சொல்வதை நான்கு வரிக்குள் அடக்கிக் கொடுப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

தேர்வுக்கு முந்தைய நாள் காலை, சமையலறை மேசையில் பயிற்சிக் கட்டுரையோடு உட்கார்ந்திருந்தாள். தலைப்பு: மறக்க முடியாத ஒரு நாள்.

"தொடர்கதை முடிஞ்சுதா?" என்று கேட்டபடி எதிரே உட்கார்ந்தான்.

"கிண்டல் பண்ணாதீங்க. அஞ்சு பக்கம் வந்திருக்கு."

"நூத்தம்பது சொல்லுதானே கேக்குறாங்க? இதுக்கு பைண்டிங் போட்டுத்தான் கொடுக்கணும்."

சிவப்புப் பேனாவை எடுத்தான். முதல் பக்கத்தில் வானம் போனது. மழை போனது. "மேகத்தை மொத்தமா காலி பண்ணிட்டேன், பரவாயில்லையா?" என்று சிரித்தான். இரண்டாம் பக்கத்தில் ஆஸ்பத்திரிச் சுவரின் நிறம், படிக்கட்டின் எண்ணிக்கை, நர்ஸின் செருப்புச் சத்தம் எல்லாம் போயின. அதற்குப்பின் அவன் சிரிக்கவில்லை. நான்காம் பக்கத்தின் அடியில், மற்ற வரிகளுக்கிடையே ஒளிந்துகொண்டதுபோல் ஒரு வரி: அவள் பதினோரு நாள் இருந்தாள்.

நான்கு வருடமாக அந்த வீட்டில் யாரும் வாய்திறந்து சொல்லாத விஷயம் அது. பேனா ஒரு கணம் நின்றது. பிறகு அதன்மேலும் கோடு போட்டான்.

"இதுவும் தேவையில்ல."

"அது ஒண்ணுதாங்க தேவை."

அடித்த வரியின்மேல் அவள் விரலை வைத்தாள்.

"அதைச் சொல்லத் தைரியம் இல்லாமத்தான் இவ்வளவு மேகம் எழுதினேன். நீங்க மேகத்தோட சேர்த்து அவளையும் அடிச்சிட்டீங்க."

பேனாவை மூடினான், திறந்தான், மறுபடி மூடினான். "லீவு முடிஞ்சு ஆபீஸ் போனேன்ல, அன்னிக்கே நம்ம பொண்ணுக்கு ஒரு அறிவிப்புப் போடலாம்னு ஃபாரம் எடுத்தேன். ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிறவன் நான். பேரு எழுதற இடத்துல எழுதப் பேரு இல்ல. வயசுன்னு போட்டிருந்த இடத்துல நாள்னு எழுதணும். கை ஓடல. கவுன்ட்டர்ல ஆளு வேற நின்னுட்டிருந்தாரு. கிழிச்சுப் போட்டுட்டேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

"எழுதியிருந்தா என்ன எழுதியிருப்பீங்க?"

பேனாவை மேசைமேல் வைத்தான். "பதினோரு நாள் இருந்தா. ரெண்டு தடவை தூக்கினோம்."

"நான் மூணு தடவை தூக்கினேன். நீங்க கீழ மருந்து வாங்கப் போயிருந்தப்போ ஒரு தடவை கொடுத்தாங்க."

அவனுக்கு அது தெரியாது. "எப்படி இருந்தா?"

"சூடா இருந்தா."

மறுநாள் தேர்வறையில் வினாத்தாள் கேட்டது: உங்கள் வாழ்க்கையை மாற்றிய ஒரு நிகழ்வு, நூற்றைம்பது சொற்களுக்கு மிகாமல். பழைய புத்தி போகவில்லை. 'மனித வாழ்க்கை என்பது' என்று கை தானாகத் தொடங்கியது. எதற்கு ஒப்பிடலாம், நதிக்கா, பயணத்துக்கா என்று மனம் கடைவிரிக்கத் தொடங்கியது. சட்டென்று அதை அடித்தாள். 'என் மகள் பதினோரு நாள் இருந்தாள்' என்று எழுதினாள். அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. கண்ணாடிப் பெட்டி, மூக்கில் குழாய், மூன்று முறை தூக்கியது, அந்தச் சூடு. ஒவ்வொன்றும் ஒரு வரிக்கு மேல் கேட்கவில்லை. இருபது நிமிடத்தில் கட்டுரை முடிந்தது. மற்ற கேள்விகளும் முடிந்தன.

கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. எழுத எதுவும் இல்லை, அடிக்கவும் எதுவும் இல்லை. இப்படிச் சும்மா உட்கார நேர்ந்துவிடக் கூடாது என்றுதான் நான்கு வருடமாக எதையாவது யோசித்துக்கொண்டே இருந்தாள்போல. கண்ணீர் தாளில் விழாமல் இருக்க அதைத் தள்ளி வைத்தாள்.

மேற்பார்வையாளர் அருகில் வந்து குனிந்தார். "என்னம்மா, கஷ்டமா கேட்டுட்டாங்களா? கூடுதல் தாள் தரட்டுமா?"

"வேண்டாம் சார். எழுதியாச்சு."

"எழுதியாச்சுன்னா கொடுத்துட்டுக் கிளம்பலாமே."

"கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறேன் சார்."

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தார். அவள் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு, மணி அடிக்கும்வரை, சத்தமில்லாமல் அழுதாள்.