அணில் பேசும் அறை

பூமி நடுங்கிய மறுநாள் காலை, தெருவில் வெயில் தூளாக மிதந்தது. சிமெண்ட் தூசி இன்னும் அடங்கவில்லை. அந்தத் தூசிக்குள் போனவர்கள் தண்ணீருக்கடியில் நடப்பவர்களைப் போல மெதுவாக நடந்தார்கள். எதிர்க் கட்டடத்தில் சுவரெல்லாம் போய், ஒரு மாடிப்படி மட்டும் வானத்தைப் பார்க்க ஏறிக்கொண்டிருந்தது. அதன் உச்சியில் யாருடைய குடையோ விரிந்து கிடந்தது. ஏறிப் போய் அதை எடுத்துக்கொண்டால் அப்படியே மேகத்துக்குள் நடந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

என் முன்னாலிருந்த இடிபாட்டுக் குவியலுக்கு அடியில் அக்கா இருந்தாள். தரைத்தளத்தில் டப்பிங் ஸ்டுடியோ. கார்ட்டூனில் வரும் அணிலுக்கு அவள்தான் குரல். தெருவில் போனால் ஒரு குழந்தைக்கும் அவளைத் தெரியாது. வாயைத் திறந்தால் எல்லாக் குழந்தைகளும் திரும்பிப் பார்க்கும்.

மீட்புக் குழுத் தலைவரை எல்லோரும் மீசை என்றார்கள். தூசி படிந்து அந்த மீசை வெளுத்திருந்தது. இயந்திரங்கள் ஓடும்போது, குவியலிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஏ.சி. குழாய் வழியாக ஏதோ முனகல் வருவதாக அவருடைய ஆட்கள் கை காட்டுவார்கள். உடனே அவர் மெகாபோனைக் குழாயின் வாயருகே பிடித்து, "சைலன்ஸ்! யாராவது இருக்கீங்களா?" என்று கத்துவார். எல்லாம் நின்றுவிடும். அழுதவர்களும் வாயைப் பொத்திக்கொள்வார்கள். ஒருவர் குழாயில் காதை வைப்பார். ஒன்றும் வராது.

"மெஷின் ஓடுனா கேக்குதுங்கறீங்க, காதை வச்சா கப்சிப். பக்கத்துக் கட்டடத்துல ஆளுங்க கத்துறது எனக்கே கேக்குது. மெஷினை அங்க கொண்டுபோறேன்" என்றார் மீசை.

"சார், அவ பேசாம இருக்கற ஆளே இல்ல சார்" என்றார் மாமா, அக்காவின் கணவர்.

"பேசலையேப்பா." மீசையின் குரலும் தேய்ந்திருந்தது.

மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சைலன்ஸ்னு சொன்னாத்தான் குட்டி அவ வாயை மூடுவா. வீட்ல சண்டை முத்திப்போச்சுன்னா அதத்தான் சொல்வேன். வாயில இருக்கறதக்கூட மெல்ல மாட்டா. அப்புறம் சுதாரிச்சுக்கிட்டு வட்டியும் முதலுமா திட்டுவா." சிரிக்கப் பார்த்தார். முகம் கோணிக்கொண்டது.

எனக்கு அக்காவின் ஒலிப்பதிவு அறை நினைவுக்கு வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சவுண்ட் இன்ஜினியர் "சைலன்ஸ்" என்பார். அக்கா வளையல்களைக் கழற்றிக் கையில் பொத்திக்கொள்வாள். சிவப்பு விளக்கு எரியும். கயிறு அவிழ்ந்த படகு போல அந்த அறை உலகத்தை விட்டு விலகிப் போகும். பேசத் தொடங்கச் சொல்லும் "டேக்" காதில் விழும்வரை அவள் இருமக்கூட மாட்டாள்.

எழுந்து ஓடினேன். இயந்திரத்தை லாரியில் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள்.

"சார், நீங்க சைலன்ஸ்னு சொல்றதாலதான் அவ பேச மாட்டேங்கிறா!"

"உளறாதம்மா. உசிர் போற நேரத்துல யாராவது அப்படி இருப்பாங்களா?"

"அவ முழுசா முழிச்சிருக்க மாட்டா சார். பழக்கம் மட்டும் முழிச்சிருக்கு. மெகாபோனைக் குடுங்க, ஒரே ஒரு தடவை."

"குடுங்க சார். அப்பவும் சத்தம் வரலேன்னா நானே உங்களைப் போகச் சொல்றேன்" என்றார் மாமா. சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மீசை என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெகாபோனை நீட்டினார்.

அதைக் குழாயின் வாயருகே பிடித்து, "சைலன்ஸ்" என்றேன். தெரு அடங்கியது. வெயிலில் தூசி அசையாமல் நின்றது. மாடிப்படியின் உச்சியில் குடை மட்டும் லேசாகத் திரும்பியது. இன்ஜினியர் சொல்வது போலவே இழுத்துச் சொன்னேன்: "டே...க்."

குழாய்க்குள்ளிருந்து, மெலிந்து கீறிய குரலில், அணில் கேட்டது:

"யாருப்பா அது, என் வாலை மிதிக்கிறது?"

குவியலின்மேல் நின்றிருந்தவர்கள் எல்லோரும், மீசை உட்பட, சட்டென்று ஒரு காலைத் தூக்கினார்கள்.

சாயங்காலம் அவளை வெளியே எடுத்தபோது, வலது கையைப் பிரிக்க முடியவில்லை. உள்ளே வளையல்கள் இருந்தன. ஆம்புலன்ஸில், ஏன் இவ்வளவு நேரம் என்று மாமாவைத் திட்டத் தொடங்கியவள் ஆஸ்பத்திரிவரை நிறுத்தவே இல்லை. மாமா அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.