டார்ன்லி துரையின் மரண அறிவிப்பு

அரசாங்க அச்சாளர் எட்வின் டார்ன்லி 1912 மார்ச்சில் காய்ச்சலில் இறந்தார். அந்தச் செய்தி அரசிதழில் வெளிவராததால் இன்றும் ஜாலான் புசார் தெருவில் ஓர் அச்சகத்தின் மாடியில் குடியிருக்கிறார். யாரைக் குற்றம் சொல்வது என்று இதுவரை விளங்கவில்லை. தாம் கையெழுத்திடாத மெய்ப்புத் தாள் எதுவும் அச்சேறக்கூடாது என்பது அவரே போட்ட சட்டம். எழுத்துக் கோப்பவரான ரத்னவேல் மரண அறிவிப்பைக் கோத்து, மெய்ப்பெடுத்து, வழக்கம்போல் துரையின் மேசையில் வைத்தார். துரையோ சவப்பெட்டியில் இருந்தார். மூன்றாம் நாள், அறிவிப்பு வராமல் எப்படிச் சாவது என்று குழம்பிப்போய், துரை எழுந்து வேலைக்கு வந்தார். பதறிப்போன ரத்னவேல் தாளை மடித்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். மற்றவர்கள் துரைக்கு வணக்கம் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

துரைக்கு அறிவியல் பித்து உண்டு. தினமும் காலையில் ஒரே தாளைத் தராசில் நிறுத்து, அது எவ்வளவு ஈரம் குடித்திருக்கிறது என்று குறித்துவைப்பார். போர் வந்தது, வெள்ளைக்காரர்கள் போனார்கள், பூமிக்கடியில் ரயில் ஓடியது. தாள் நிறுப்பது நிற்கவில்லை. ரத்னவேல் குடும்பம் சொந்தமாக அச்சகம் வைத்ததும் துரை அதன் மாடிக்கு வந்துவிட்டார். இப்போது அச்சகத்தை நடத்துபவள் ரத்னவேலின் கொள்ளுப்பேத்தி லீலா. ஐம்பது வயது, வேறு துணை கிடையாது. "இன்னிக்குத் தாள் கனம்மா, மை காயாது" என்று அவர் சொன்னால், அன்று கல்யாணப் பத்திரிகை அடிக்கமாட்டாள். துரையை மருந்துக்குக் கூட்டிப்போனால், கிளினிக்கில் பெயர் பதியும் ரஞ்சன்தான் ஒவ்வொரு முறையும் திணறுவான்: "ஆன்ட்டி, பிறந்த வருஷம் 1858னு போட்டா சிஸ்டம் எடுக்க மாட்டேங்குதுலா."

சென்ற ஆண்டு பழைய அலமாரியில், ரத்னவேல் மடித்துக் கொண்டுவந்த அந்த மரண அறிவிப்புத் தாள் கிடைத்தது. ஒளித்துவைக்க லீலாவுக்கு மனம் வரவில்லை, கொடுக்கவும் பயம். அந்தக் குழப்பத்தில் தேக்கா சந்தையில் வாங்கிய மீனைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தாள். கடைசியில் கொடுத்துவிட்டாள்.

"தொரை, கையெழுத்துப் போட்டா நீங்க அப்புறம்..."

"தெரியும்மா. எனக்கும் அலுத்துப்போச்சு" என்றவர் கண்ணாடியை மாட்டினார். "வயசு தப்பா இருக்கே. அம்பத்தஞ்சு இல்ல, அம்பத்தி நாலு. தப்போட போகக்கூடாது. திருத்திக் கொண்டா."

லீலா வயதைத் திருத்தினாள். கூடவே தேதியை வேண்டுமென்றே மாற்றிவைத்தாள். அவர் அதை வட்டமிட்டுத் திருப்பினார். அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு தாள், தாளுக்கு ஒரு பிழை.

தை மாதம் கல்யாண வேலை தலைக்குமேல் கிடந்தது. தாளைக் கொடுத்துவிட்டுப் பாதிப் படி இறங்கும்போதுதான், இந்த வாரம் பிழை வைக்கவில்லை என்பது லீலாவுக்கு உறைத்தது. திரும்ப மேலே ஓடினாள். பேனா திறந்திருந்தது. அவர் மூன்று முறை படித்தார். அவளுக்கு அழுகை முட்டியது. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு, சரியாக இருந்த வயதைச் சுற்றி வட்டமிட்டார்.

"இது தப்பும்மா."

லீலா கீழே போய் ஐம்பத்து நான்கை ஐம்பத்தைந்தாக மாற்றினாள். மறுநாள் காலை தராசில் தாள் சற்றுக் கனமாக இருந்தது. மழை வரும் என்று துரை எழுதிவைத்தார்.