நாற்காலிக் கார்

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கைதட்ட ஏதாவது கிடைத்தால் போதும், சட்டம் வந்துவிட்டதாம், மாதா கோயில் கூடத்தில் கேக் வெட்டுகிறார்கள்... குடியேற்றப் போலீஸ்காரன் இனி தன் பேரைச் சொல்லவேண்டுமாம், கழுத்தைப் பிடிக்கக்கூடாதாம், கார்க் கண்ணாடியை உடைக்கக்கூடாதாம், அதை அந்தத் தடியன்களுக்கு யார் படித்துக் காட்டுவது, இந்தக் கேக் தின்னிகளா? கிரெசென்சியோ தட்டைத் தள்ளிவைத்தார். அவருக்கென்ன, இந்த நாட்டில் தங்கக் காகிதம் இருக்கிறது, மருமகன் ஃபெர்மினுக்கு அல்லவா இல்லை, இலையுதிர்காலத்திலிருந்து வீட்டுக்குள்ளேயே கிடந்தவன் இப்போது துள்ளுகிறான், “திங்கக்கிழம கூரை வேலைக்குப் போறேன் மாமா, அதான் சட்டம் வந்தாச்சுல்ல”... முட்டாள், வாசலைத் தாண்டினால் அள்ளிக்கொண்டு போவான், அப்புறம் என் மகள் நாயேலி யார் முகத்தைப் பார்ப்பாள்?

போலீஸ் காரை மறித்தால் என்ன செய்வதென்று ஒத்திகை வேறு, நாலு மடக்கு நாற்காலி போட்டு அதுதான் காராம், ஃபெர்மின் ஓட்டுநராம். வக்கீல் பெண் ஹிமேனா கிரெசென்சியோவைச் செல்லப்பேர் சொல்லிக் கூப்பிட்டாள், “தோன் செஞ்சோ, நீங்கதான் ஆபீசர், மூஞ்சிய உர்ருன்னு வெச்சுக்குங்க.” “அதுக்கு அவர் தனியா மெனக்கெடணுமாக்கும்?” என்று பின்னாலிருந்து எவளோ, கூடமே சிரித்தது. சிரியுங்கள், காட்டுகிறேன், நிஜத்தில் எப்படி இருக்கும் என்று இந்தப் பயலுக்கும் காட்டுகிறேன்... கழுத்துப்பட்டையைச் சுருட்டிப் பிடித்து இழுத்தார், நாற்காலி சாய்ந்தது, சிரிப்பு நின்றது, அத்தனை பேரும் போனைத் தூக்கினார்கள், படம் பிடிக்கிறார்கள், ஒருத்தராவது ஓரடி முன்னால் வந்தார்களா? ஃபெர்மின் முகம் சிவந்து, மூச்சுத் திணற, “கழுத்த விடு. உன் பேரச் சொல்லு” என்றான். நீயாம், உன்னாம், இத்தனை வருஷத்தில் முதல் தடவை... கை விட்டுவிட்டது.

ஒரே கைதட்டல். “பாத்தியா நாயேலி, மாமாவே விட்டுட்டாரு!” என்று ஃபெர்மின் கத்துகிறான், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். “அடேய், நீ என் மருமகன்டா, அதான் விட்டேன்” என்றார், யார் காதிலும் விழவில்லை. அதற்காகத்தான் விட்டேனா? பிடிக்கும்போதும் மருமகன்தானே... பயந்தா விட்டேன், அந்தக் குரலுக்கா? இனி போகாதே என்று சொல்ல எனக்கு ஏது வாய், விட்டவனே நான்தானே... தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார், பனியில் காறித் துப்பினார், நான் விடுவேன், அந்தப் போலீஸ்காரன் விடுவானா, சட்டமாம் சட்டம் என்று முனகிக்கொண்டே இருபத்தாறாம் தெருவில் நடந்தார்.