பெண்கள் பக்கத்து ஜன்னல்

மாமியாரின் வலது கை விரிய மறுத்தது. வார்த்தினி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வெந்நீர் ஊற்றினாள். விட்ட மறுநொடி அது பழையபடி மடங்கிக்கொண்டது.

"செத்தும் பிடிவாதம் போகலை பாருங்க."

"சும்மா இருடி. மய்யித்துக்குக் காது கேக்கும்," என்றாள் ஜுவாரியா அக்கா. பள்ளிவாசல் தெருவில் எந்தப் பெண் மவுத்தானாலும் குளிப்பாட்ட வருகிறவள் அவள்தான். வாழைத்தண்டுகள் மேல் கிடந்த உடம்பின் மறுபக்கம் நின்று, மல்லிகை மிதந்த தண்ணீரைச் செம்பில் மொண்டுகொண்டிருந்தாள்.

"கேக்கட்டும். இத்தனை வருஷம் அவங்க பேச நான் கேக்கலையா?"

கேட்டாள்தான். துறைமுகத்தில் மீன் காயவைக்கிற குடும்பத்திலிருந்து இந்தத் தெருவுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அவளுக்கு இந்த வீட்டில் ஒரே பெயர், கருவாட்டுக்காரி. குழம்பில் உப்புக் கூடினால், 'கருவாட்டுக்காரி கை வேற எப்படி இருக்கும்?' குறைந்தால், 'உப்பைக் கடல்லயே விட்டுட்டு வந்துட்டா.' வாய் ஓயாத அந்த முஸ்லிக்கா கிழவி இப்போது வாயில் பஞ்சு வைக்கக் காத்துக் கிடந்தாள்.

உள்ளங்கையின் குறுக்கே ஒரு காப்பு காய்த்திருந்தது. வார்த்தினி அதைத் தேய்த்துக் கழுவினாள். எதனால் வந்தது என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும். பள்ளிவாசலின் தெற்குப் பக்கம் பெண்கள் தொழும் தாழ்ந்த கூடம் ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்கும் நான்கு தேக்குத் தூண் நிற்கிற ஆண்கள் கூடத்துக்கும் நடுவே, தரையோடு தரையாக ஓர் அகல ஜன்னல், கடைந்த மரக்கட்டைகள் வரிசையாகப் போட்டது. மூன்றாவது கட்டைக்குப் பின்னால் உள்ள இடம் முஸ்லிக்காவினுடையது. முழங்கால் கெட்ட பிறகு அந்தக் கட்டையைப் பிடித்துத்தான் எழுந்திருப்பாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், வார்த்தினி முன்னால் போய் அங்கே உட்கார்ந்துவிட்டாள். 'பின்னால போ, நாத்தம் குடலைப் புடுங்குது' என்றாள் கிழவி, முழு வரிசையும் கேட்க. அன்றிலிருந்து வார்த்தினியின் இடம், தொழுமுன் கைகால் கழுவி ஒளு செய்கிற தொட்டிக்குப் பக்கத்து ஈரம்.

இப்போது அந்தக் கூடத்தையே இடிக்கப்போகிறார்கள். கிழக்கு ஓரத்து ஓடுகளை இறக்கியாயிற்று. அங்கே ஆண்கள் கூடத்தை நீட்டிப் பளிங்கு பதிக்கப்போகிறார்கள். பெண்களுக்கு மாடியில் ஒரு திரை. திட்டம் கமிட்டித் தலைவர் ஹாஜி மஸ்கூருடையது. முஸ்லிக்காவின் ஒரே மகன், வார்த்தினியின் புருஷன்.

நோன்பு மாதக் கடைசியில் கிழவி அவளைப் படுக்கைக்குப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னாள்: "என் மய்யித்தைப் பெரிய கூடத்துல கொண்டுபோய் வைக்காதீங்க. ஆயுசு பூரா ஜன்னல் வழியாப் பாத்த இடம். செத்த பொறவு மட்டும் என்ன மரியாதை வேண்டிக்கிடக்கு? என் இடத்துல வச்சுத் தொழுங்க."

"உங்க மகன்கிட்டச் சொல்லுங்க."

"அவன் காது குடுத்துக் கேக்க மாட்டான். உனக்குத்தான் வாய் நீளம்."

வார்த்தினி இதை யாரிடமும் சொல்லவில்லை. காலையில் உயிர் போன பிறகும் சொல்லவில்லை. போகட்டும், பெரிய கூடத்துக்கே போகட்டும் என்று இருந்தது. ஈரத்தில் உட்கார்ந்து தொழுத முழங்கால் அவளுக்கும்தான் வலிக்கிறது.

திரைக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டது.

"முடிஞ்சுதா?" மஸ்கூரின் குரல். "லுஹர் தொழுகைக்கு மாவட்டத் தலைவர் வர்றாரு. பெரிய வாசல் வழியா எடுத்துட்டுப் போறோம். சீக்கிரம்."

"கஃபன் துணி கட்டணும். பறக்காதீங்க."

"தொழுகை முடிஞ்சதும் நான் மைக்குல ரெண்டு வார்த்தை சொல்றேன். புதுக் கூடத்துக்கு அம்மா பேரு வைக்கிறோம். பெண்கள் பக்கத்தை எடுத்துட்டுப் பெருசாக் கட்டணும்கிறதுதான் அம்மாவோட கடைசி ஆசைன்னு சொல்லப்போறேன். எல்லாம் முடிவாச்சு."

வார்த்தினியின் கையில் இருந்த செம்பு நின்றது.

"யாரோட ஆசை?"

"அம்மாவோட."

"எப்ப சொன்னாங்க? கனவுலயா?"

"பொம்பளைங்க வேலையைப் பாரு."

"அதைத்தான் பாத்துட்டிருக்கேன். உங்கம்மாவுக்கு அடிவயிறு கழுவிக்கிட்டிருக்கேன். நீங்க அங்க நின்னு பொய்யை இட்டுக்கட்டுங்க. நல்லா இருக்கு ஹாஜியாரே, ரொம்ப நல்லா இருக்கு!"

ஜுவாரியா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வார்த்தினிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கிழவியின் மேல் அவளுக்கு இருந்தது கோபம். கோபம் அவளுடையது, சம்பாதித்தது. ஆனால் கிழவி பேசாத பேச்சை அவள் வாயில் திணிக்க இந்த ஆள் யார்? உயிரோடு இருக்கும்போது அவளிடம் ஒரு வார்த்தையைத் திணித்துவிட்டு யாராவது முழுசாக வீடு போய்ச் சேர்ந்திருப்பார்களா?

"அக்கா, கேளுங்க," என்று தொடங்கி, நோன்பு மாதத்துப் பேச்சு முழுவதையும் திரைக்கு அப்பாலும் கேட்கும்படிச் சொன்னாள். "அவங்க இடத்துல வச்சுத்தான் தொழுகை. இல்லைன்னா மய்யித்து இந்த முற்றத்தை விட்டு நகராது."

"உனக்கு என்னடி திடீர்னு மாமியார் பாசம்?" மஸ்கூர் கத்தினார்.

"பாசமா? ஒரு மண்ணும் இல்லை. சொன்னதைச் சொல்றேன்."

கஃபனைக் கட்டி முடித்துவிட்டு அவள் அடுக்களைக்குப் போனாள். தெருப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். கபுர் தோண்டுகிறவர்களுக்கு, வெளியூர்க்காரர்களுக்கு, மாவட்டத் தலைவரோடு வரும் கூட்டத்துக்கு.

"அகப்பையை வைங்க," என்றாள்.

அவ்வளவு போதுமானதாக இருந்தது. அந்தக் கதை தெரியாத பெண் அங்கே யாரும் இல்லை. ஒவ்வொரு நோன்பு மாதமும் முஸ்லிக்கா சொல்லிச் சொல்லிப் புளித்துப்போன கதைதான். ஆற்றில் மிதந்து வந்த தேக்கைத் தூணாக நிறுத்திய காலத்தில், தச்சர்களுக்கு ஆக்கிப் போட்டது இந்தத் தெருப் பெண்கள். மூன்றடுக்குக் கூரை ஏறி, உச்சியில் சுட்ட மண் கிரீடம் வைத்த அன்று, ஆண்கள் உள்ளே போய்த் தொழுதார்கள். பெண்கள் வெயிலில் நின்றார்கள். திரும்பி வந்து அத்தனை அகப்பைகளையும் பள்ளிவாசல் குளத்தில் எறிந்தார்கள். பட்டினி தாங்காமல்தான் ஆண்கள் தெற்குப் பக்கம் கயிறு பிடித்து அஸ்திவாரம் தோண்டினார்களாம். 'அந்தப் பள்ளியில நமக்குக் கிடைச்சது தானம் இல்லைடி, கூலி' என்று முடிப்பாள் கிழவி.

முதலில் யாரோ ஒருத்தி அகப்பையை வாளித் தண்ணீரில் போட்டாள். பிறகு எல்லாரும் போட்டார்கள். அடுப்பு விறகை வெளியே இழுத்துவிட்டு, வெள்ளைத் தொழுகை அங்கியை மாட்டிக்கொண்டு முற்றத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

மஸ்கூர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "மானத்தை வாங்குறீங்களா?"

"உங்க மானம் உங்ககிட்டதான் இருக்கு. நீங்க மைக்கைப் பிடிச்சா நானும் பெரிய வாசல்ல நின்னு பேசுவேன். எனக்கு மைக்கு வேண்டாம். மீன் ஏலம் போட்ட தொண்டை இது."

நடந்ததெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பாங்கு சொல்கிற கிழ மோதினார் சடேலி தொண்டையைச் செருமினார். "பெண்கள் முதல்ல தொழுதுக்கட்டும். பொறவு நம்ம பக்கம் கொண்டுபோவோம். மார்க்கத்துல தடை இல்ல, ஹாஜி. எனக்குப் பசிக்குது."

பெண்கள் கூடத்தின் வாசல் குள்ளம். யாரானாலும் தலை குனிய வேண்டும் என்று கட்டினவர்கள் அப்படி வைத்தார்கள். மய்யித்தைக் கிடத்தியிருந்த சந்தூக்கின் வளைந்த இரும்பு மூடி நிலையில் இடித்தது. மூடியைக் கழற்றிவிட்டு, இடுப்பை ஒடித்துத் தூக்கிப்போனார்கள். மஸ்கூர் உயரமான மனிதர். முன்னால் பிடித்தவர், போதுமான அளவு குனியவில்லை. நிலை தட்டிக் கருப்புத் தொப்பி படியில் விழுந்து உருண்டது. கை இரண்டும் பாரத்தில் இருந்ததால் எடுக்க முடியவில்லை. யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டாள்.

ஓடு இறக்கிய இடத்திலிருந்து வெயில் நேராக உள்ளே விழுந்தது. மூன்றாவது கட்டைக்குப் பக்கத்தில் முஸ்லிக்காவை வைத்தார்கள். ஆண்கள் வெளியேறினார்கள். ஜுவாரியா அக்கா வரிசையின் நடுவிலேயே நின்று தொழ வைத்தாள். நின்றபடியே முடிகிற தொழுகை. முடிந்ததும் ஆண்கள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள்.

வார்த்தினி அந்த இடத்தில் உட்கார்ந்தாள். யாரும் பின்னால் போகச் சொல்லவில்லை. கட்டைகளுக்கு நடுவே பெரிய கூடம் தெரிந்தது. தூண்கள், மாவட்டத் தலைவரின் முதுகு, தொழுகை முடிந்து மைக்கைக் கையில் வாங்கிய புருஷன். மஸ்கூர் வாயைத் திறந்தவர் ஜன்னலைப் பார்த்தார். அங்கே கட்டைக்கு ஒரு முகமாகப் பெண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கம்மாவுக்காக எல்லாரும் துஆ செய்ங்க," என்றார். கொஞ்சம் நிறுத்தினார். "கட்டட வேலை நாளைக்குக் காலையில வழக்கம்போல நடக்கும்."

பொய் சொல்லவில்லை. அவ்வளவுதான் கிடைத்தது. சந்தூக்கு வெளியே போயிற்று, கூட்டமும் அதன் பின்னால் போயிற்று.

வார்த்தினி எழப் பார்த்தாள். முழங்கால் பிடித்துக்கொண்டது. கை தானாக மூன்றாவது கட்டைக்குப் போனது. அந்த உயரத்தில் மட்டும் மரம் தேய்ந்து இடுப்பு மாதிரி சிறுத்திருந்தது. அவள் விரல்கள் அதைச் சுற்றி மடங்கிக்கொண்டன.

எழுந்து நின்று கையைப் பார்த்தாள். உள்ளங்கையின் குறுக்கே வெள்ளையாகச் சுண்ணாம்பு. கட்டையில் ஒரு பெருக்கல் குறி பாதி அழிந்திருந்தது. பக்கத்துக் கட்டையிலும் ஒன்று, அதற்கடுத்ததிலும் ஒன்று. எதையெல்லாம் பிடுங்குவது என்று மேஸ்திரி நேற்றே போட்டுவைத்த அடையாளம்.

வெள்ளை அங்கியின் ஓரத்தை எடுத்து, எச்சில் தொட்டு, மீதிப் பாதியையும் அழுத்தித் துடைத்தாள்.

"நாளைக்கு மறுபடி போடுவான்டி," என்றாள் ஜுவாரியா அக்கா.

"போடட்டும்," என்று சொல்லிவிட்டு வார்த்தினி அடுத்த கட்டைக்கு நகர்ந்தாள்.