இடது கை எரிச்சல்

மதார் சாகிபுக்கு உள்ளங்கால் எரிய ஆரம்பித்ததும், பதுருன்னிசா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்ததும் ஒரே மாதம். சந்தேகப்பட அவருக்கு அது போதும்.

முதலில் அரிப்பு. பிறகு இரண்டு பாதத்திலும் தணலை மிதித்ததுபோல எரிச்சல். அப்புறம் இடது கையும் சிவந்து, சின்னச் சின்னக் கொப்புளங்களாகப் பொரிந்தது. ராயபுரத்தில் ஒரு தோல் கிடங்கில் அவர் மேஸ்திரி. சொறிந்துகொண்டே கூலியாட்களை அதட்டினார்.

"ஒடம்பு சூடு" என்று மனைவி காத்தூன் பீவி விளக்கெண்ணெய் தடவினாள். பதுருன்னிசா மருதாணி அரைத்துக் கொடுக்க, ராத்திரி அதைப் பாதத்தில் அப்பிக்கொண்டு படுத்தார். நன்றாகத் தூங்கினார். காலையில் தொழுகைக்குப் போய்த் திரும்பியவர் வாசலிலேயே குதித்தார்.

"இன்னாத்த அரச்சா அவ? முன்ன வுட ஜாஸ்தியா எரியுது!"

"மருதாணிதாங்க" என்றாள் காத்தூன் பீவி.

"நீ பாத்தியா? பழவேற்காட்டுப் பொண்ணு. இன்னா வேரு, இன்னா மருந்து கொண்டாந்தாளோ!"

அன்றிலிருந்து மருமகள் சமைத்ததை அவர் தொடவில்லை. முனைக் கடையில் பன்னும் டீயும்தான். வீட்டில் தண்ணீரைக்கூடத் தானே மொண்டு, டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

பதுருன்னிசாவின் புருஷன் ஜாபர் துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு எழுதுகிறவன். அவனிடம் அழுதாள்.

"வாப்பா அப்டித்தான். கொஞ்சம் பொறுத்துக்க" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

பொறுத்துக்கொள்ள நேரம் இல்லை. பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லி உசேன் ராவுத்தர் ஆம்பூருக்குத் தோல் வாங்கப் போயிருந்தார். அவர் திரும்பியதும் வீட்டுக்கு அழைத்துப் பிராது சொல்லி, மகனைத் தலாக் சொல்ல வைப்பது என்று மதார் சாகிபு முடிவு செய்துவிட்டார். அதைக் காத்தூன் பீவிதான் மருமகளின் காதில் போட்டாள்.

பதுருன்னிசா அழுகையை நிறுத்திவிட்டு யோசித்தாள். என் சோறு அவர் வயிற்றுக்குள் போகவில்லை, எரிச்சல் மட்டும் குறையவில்லை. அப்படியானால் சோறு இல்லை. மருதாணி காலுக்குத்தான் வைத்தது, கைக்கு வைக்கவில்லை. அதுவும் ஏன் இடது கை மட்டும்? சாப்பிடுவது, அதட்டும்போது விரலை நீட்டுவது எல்லாம் வலது கைதானே!

மறுநாள் ஜன்னலில் நின்று கவனித்தாள். தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்துவிட்டு, ஈரக் காலைத் துடைக்காமல் செருப்பில் நுழைத்துக்கொண்டு கிளம்பினார் மாமனார். புதுச் செருப்பு. மகன் கல்யாணத்துக்காக, கிடங்கில் மீந்த நீலம் பாய்ந்த தோல் துண்டில் தைத்துக்கொண்டது.

அன்று மாலை ஜாபரிடம் கேட்டாள். "பள்ளிவாசல்ல மாமா செருப்ப எங்க வுடுவாரு?"

ஜாபர் சிரித்தான். "வுடறதா? தொழ வர்றவன்ல பாதிப் பேரு செருப்புத் திருடன்னு சொல்றவரு அவரு. கையில புடிச்சிகினே உள்ள போவாரு. துவா கேக்கறப்பகூட ஒரு கண்ணு அதுமேலதான்."

"எந்தக் கையில?"

"இடது கையில. ஏன்?"

"சும்மா" என்றாள்.

செருப்புத்தான் காரணம் என்று சொன்னால் ஆகிற காரியமா? செருப்பில் நீ என்ன தடவினாய் என்பார். பதுருன்னிசா சொல்லவில்லை. மதிய வேளையில் மாமனார் குறட்டை விடும்போது செருப்பைத் துணியில் சுற்றி, சமையற்கட்டு விறகுக் குவியலுக்குள் செருகிவிட்டாள்.

வீடு அமர்க்களப்பட்டது.

"காலடி மண்ணுக்குத்தாண்டி தூக்கியிருக்கா! அத எடுத்து எனக்குச் செய்வினை வெக்கப் போறா!"

மருமகளின் பெட்டியைக் கொட்டினார். பாய்களை உதறினார். அரிசிப் பானையில் கைவிட்டுத் துழாவினார். கடைசியில் விறகுப் பக்கம் வந்தார். விறகின்மேல் சாய்ந்தபடி காத்தூன் பீவி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அரிவாள்மணையோடு இருக்கிறவளை எழுந்திரு என்று சொல்ல அவருக்குத் துணிவில்லை. போய்விட்டார்.

அதன்பிறகு பழைய கிழிந்த செருப்புத்தான். அதை எவன் திருடப் போகிறான் என்று பள்ளிவாசல் வாசலிலேயே விட்டார்.

இரண்டு வாரம் கழித்து உசேன் ராவுத்தர் ஊருக்குத் திரும்பினார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் மதார் சாகிபு வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னா மதாரு, மருமவமேல பிராதாமே?"

மதார் சாகிபு எல்லாவற்றையும் கொட்டினார். ஜாபர் சுவரோரமாகத் தலையைக் குனிந்து நின்றான்.

திரைக்குப் பின்னாலிருந்து பதுருன்னிசாவின் குரல் வந்தது. "மாமாவோட இடது கையக் காட்டச் சொல்லுங்க."

மதார் சாகிபு கையை நீட்டினார். கொப்புளம் இல்லை. பழைய தோல் உரிந்து, புதுத்தோல் தெரிந்தது. அவரே அதை இப்போதுதான் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

"எப்ப நின்னுது எரிச்சல்?" என்றார் ராவுத்தர்.

"அவ சோத்த வுட்டதுலருந்துதான்."

"பொய்" என்றாள் காத்தூன் பீவி உள்ளேயிருந்து. "பன்னு துன்னுகினே சொறிஞ்சிகினு கெடந்தாரு. செருப்பு காணாம போனப்புறந்தான் தூங்கறாரு."

திரைக்கு அடியிலிருந்து, ஒரு விறகுக் குச்சி செருப்பைத் தள்ளிக்கொண்டு வந்தது.

"நாந்தான் எடுத்து வெச்சேன்" என்றாள் பதுருன்னிசா.

"பாத்தியா பாய்! அவ வாயாலயே சொல்றா, திருடி!"

ராவுத்தர் செருப்பை எடுத்து மோந்தார், நகத்தால் சுரண்டினார். "இது ஆவாரம்பட்டையில ஊறுன தோலு இல்ல மதாரு. நீலமா இருக்கு பாரு, குரோம் மருந்துல ஊறுனது. சில பேரு ஒடம்புக்கு ஆவாது, அதுவும் ஈரத்தோட பட்டா கேக்கவே வாணாம். ஆம்பூர்ல நான் தோலு வாங்கற எடத்துல ஒருத்தன் இப்டித்தான் கைய சொறிஞ்சிகினு நிக்கிறான்."

"தோலாவது கீலாவது! எல்லாம் இவ வேல."

"அப்டியா? தோலுல குத்தம் இல்லன்னா, இந்தா, போட்டுக்க."

மதார் சாகிபு காலைப் பாதி நீட்டினார். சட்டென்று கைலிக்குள் இழுத்துக்கொண்டார்.

ராவுத்தர் விழுந்து விழுந்து சிரித்தார். "பிராது தள்ளுபடி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஜாபர் முகமெல்லாம் சிரிப்பாகத் திரைக்குப் பின்னால் வந்தான். "எனக்கு அப்பவே தெரியும், நீ ஒண்ணும் பண்ணலன்னு."

"தெரியுமா?"

"சத்தியமா."

"தெரிஞ்சிகினே ஏன் வாயத் தொறக்கல?"

பதுருன்னிசா தன் தகரப் பெட்டியைத் தூக்கினாள்.

"ஒங்க வாப்பா சந்தேகப்பட்டதுக்கு ஒரு காரணம் கெடச்சுது. நீங்க பேசாததுக்கு இன்னா காரணம்? அத யோசிச்சு வைங்க. நான் எங்க வூட்டுக்குப் போறேன்."

வாசல்வரை போனாள். கூடத்திலிருந்து மதார் சாகிபு கழுத்தை நீட்டினார்.

"பொட்டியில இன்னாத்த எடுத்துகினு போறா? தொறந்து பாருடா!"

ஜாபர் திரும்பினான். அந்த வீட்டில் அவன் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

"வாப்பா, போதும். வாய மூடுங்க."

சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடிப் பெட்டியின் பிடியில் கை வைத்தான். பதுருன்னிசா பிடியை அவனிடம் விட்டுவிட்டு உள்ளே திரும்பினாள்.