நோன்புக்கு அடுக்கிய பைகள்

ஸ்லோ குக்கர் வந்ததிலிருந்து சிபானாவுக்குத் தலைகால் புரியவில்லை. கட்டாரில் இருக்கும் மதினி அனுப்பிய சாமான் அது. காலையில் எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூடிவிட்டுப் போனால், பின்னேரம் வரும்போது இறைச்சி எலும்பை விட்டுக் கழன்று கிடக்கும். குறிஞ்சிப்பிட்டியில் மற்ற ஆசிரியைகளுக்கெல்லாம் முஸ்லிம் பாடசாலை, நோன்பு மாதம் லீவு. இவள் படிப்பிப்பதோ பாலாவிப் பக்கம் ஒரு தமிழ்ப் பாடசாலையில். நோன்பையும் பிடித்து, பஸ்ஸில் இடிபட்டு வந்து, அதற்கு மேல் அடுப்படியிலும் நிற்பதென்றால் மனிதர் உயிரோடு இருப்பதா, இல்லையா?

அதனால் நோன்பு வருமுன்பே ஒரு சனிக்கிழமை முழுவதையும் அதற்கென்று ஒதுக்கினாள். மாட்டிறைச்சியைத் துண்டு போட்டு, வறுத்த தூள், இஞ்சி, உள்ளி, கறுவா, ரம்பை எல்லாம் சேர்த்துப் பிசைந்து, பச்சையாகவே பைகளில் நிரப்பினாள். காற்றை அழுத்தி வெளியேற்றி, தட்டையாகத் தட்டி, ப்ரீஸருக்குள் புத்தகம் மாதிரி வரிசையாக நிறுத்தினாள். மிளகாய்த்தூள் பட்ட கை மறுநாளும் எரிந்தது. ஆனால் பெருமைக்கு எரிச்சல் ஒரு பொருட்டா? பக்கத்து வீட்டு றிஃப்னாவைக் கூட்டி வந்து கதவைத் திறந்து காட்டினாள். மனைப்பொருளியல் படிப்பிக்கிறவள் அல்லவா, பாடமும் நடத்தினாள்.

"ஒருக்கா உருகினத்தைத் திரும்ப உறைய வைக்கப்படாது, றிஃப்னா. கிருமி பெருகிடும். அது மட்டும்தான் கவனம்."

"எனக்கெதுக்கு ராத்தா இதெல்லாம்? நீங்க ஆக்குங்க, நான் சாப்பிடுறன்" என்று றிஃப்னா சிரித்தாள். இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே இறந்த பிறகு மூன்றாவது தங்கி, இப்போது அவளுக்கு எட்டாம் மாதம். புருசன் சியாம் குவைத்தில். அவள் சிரிப்பதைப் பார்க்கவே சிபானாவுக்கு ஆசையாக இருந்தது.

நோன்புக்கு முந்திய வாரம் சிபானாவும் புருசன் மஸாஹிரும் மன்னாருக்கு ஒரு கலியாணத்துக்குப் போய், இரண்டு நாள் தங்கி, பிறை கண்ட இரவில்தான் வீடு திரும்பினார்கள். முதல் நோன்புக்கு மீன் வாங்கிச் சமைத்தாயிற்று. இரண்டாம் நோன்பு திங்கட்கிழமை. அன்று காலையில்தான் முதல் பை குக்கருக்குள் போனது.

பின்னேரம் அவள் வரும்போது வீடு முழுக்க வாசம். நோன்பாளி உப்புப் புளி பார்க்க முடியாது. நுனிநாக்கில் வைத்துத் துப்பலாம் என்று சொல்கிறவர்களும் உண்டு, ஆனால் சிபானாவுக்கு அதில் மனம் ஒப்பாது. வாசத்தை நம்பி ஒரு பாத்திரத்தில் அள்ளி, அஸர் தொழுத கையோடு வேலிக்கு மேலால் றிஃப்னாவிடம் நீட்டினாள். நோன்பு திறக்கும் நேரத்துக்கு அக்கம்பக்கம் கொடுக்காமல் எந்த வீட்டில் சாப்பிடுகிறார்கள்?

அதற்குப் பிறகு கஞ்சிக்கு அரிசியைப் போட்டுவிட்டு, நாளைக்குரிய பையை இளக வைக்கக் கீழ்த்தட்டுக்கு இறக்கலாம் என்று ப்ரீஸரைத் திறந்தாள்.

நிறுத்தி வைத்த பைகள் ஒன்றுகூட நிற்கவில்லை. எல்லாம் சரிந்து, ஒன்றன்மேல் ஒன்று படிந்து, ஒரே பாறையாக ஒட்டிக் கிடந்தன. அடியில் கபில நிறத்தில் இரத்தத் தண்ணீர் ஓடி உறைந்திருந்தது. சிபானா அதை விரலால் சுரண்டிப் பார்த்தாள்.

நேற்றிரவு இன்றைக்குரிய பையை எடுத்துக் கீழே வைத்தது மஸாஹிர். தராவீஹ் தொழுகை முடிந்து வந்தவன், "நீ படு, நான் வைக்கிறன்" என்று முந்திக்கொண்டபோதே அவள் யோசித்திருக்க வேண்டும். கோப்பை கழுவக் கூப்பிட்டாலே காது கேட்காத மனுசன்.

"இஞ்சாருங்க, ஒருக்கா வாங்க. இது ஏன் இப்படிக் கிடக்குது?"

மஸாஹிர் வந்தான். ப்ரீஸரைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தான். "மன்னாருக்குப் போகக்குள்ள மெயின் சுவிட்ச இறக்கிட்டுத்தானே போனோம்" என்றான்.

வீடு பூட்டும்போதெல்லாம் அவன் செய்கிற வேலைதான் அது. மின்னலுக்கும் கரண்ட் ஷோர்ட்டுக்கும் பயந்த ஆள். இத்தனை காலமும் ப்ரீஸரில் ஐஸ் தவிர எதுவும் இருந்ததில்லை, அதனால் அது யாருக்கும் உறைக்கவில்லை.

"வந்து பாக்கக்குள்ள கீழ தண்ணி. துடைச்சிட்டன். ராவைக்கே திரும்பக் கட்டியாயிட்டு. நீ பாடுபட்டுச் செஞ்சது, சொன்னா அழுவாய் எண்டு பயந்து..."

சிபானா கணக்குப் போட்டாள். இரண்டு நாள், இந்த வெயிலில், பூட்டிய வீட்டுக்குள், பச்சை இறைச்சி. பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்ட பாடம், அவளுடைய வீட்டிலேயே வெந்து மணந்துகொண்டிருந்தது.

அல்லாஹ் காப்பாற்றினான், நாம் இன்னும் சாப்பிடவில்லை என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்து றிஃப்னா ஞாபகம் வந்தது. அப்போதும் மனம் சமாளித்தது. பாங்கு சொல்லவில்லையே, பாங்குக்கு முன் யார் வாயில் வைக்கப் போகிறார்கள்? ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டியவள், வேலிக் கடப்படியில் அப்படியே நின்றுவிட்டாள்.

றிஃப்னாவுக்கு நோன்பு இல்லை. பிள்ளைத்தாய்ச்சி. டொக்டர் வேண்டாம் என்றிருந்தார்.

ஊரே பசியோடு பாங்குக்குக் காத்திருக்கும் நேரத்தில், நோன்பில்லாத ஒருத்தி இருக்கிறாள் என்பதே சிபானாவுக்கு மறந்து போயிருந்தது. செருப்பையும் போடாமல் ஓடினாள்.

றிஃப்னா குசினிக் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். பாத்திரம் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது.

"என்ன ராத்தா, இப்படி ஓடி வாறீங்க? வாசத்துக்கு இருக்க ஏலாம அப்பவே பாணோட சாப்பிட்டுட்டன். ஒரு துண்டு கூட மிச்சம் வைக்கல்ல."

சும்மாதான் வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது உண்மை. ஒன்றும் ஆகாமலும் போகலாம். மனைப்பொருளியல் டீச்சர் கெட்டுப்போன இறைச்சியைக் கொடுத்தாள் என்ற கதை ஊருக்குள் போகாமலும் இருக்கலாம். அந்த நொடிக்காக அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"றிஃப்னா, அந்த இறைச்சி உருகித் திரும்ப உறைஞ்சது. எனக்கு இப்பதான் தெரியும். வயிறு எப்படி இருக்கு? மறைக்காமச் சொல்லு."

றிஃப்னாவின் முகத்திலிருந்த சிரிப்பு வற்றியது. இரண்டு கையும் வயிற்றுக்குப் போயின. "கொஞ்சம் பிசையுது" என்றாள் மெதுவாக. "மாங்காய் திண்டதால எண்டு நினைச்சன்."

சிபானா கத்திக் கூப்பிட்ட குரலுக்கு மஸாஹிர் தன் த்ரீவீலரை ஓட்டிக்கொண்டு வந்தபோது அவன் முகமும் செத்துப் போயிருந்தது. யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை, அதற்கு நேரமில்லை. புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் பாதை நீளம். வழியில் ஒவ்வொரு பள்ளிவாசலாகப் பாங்கு சொல்லத் தொடங்கியது. மஸாஹிர் ஒரு போத்தல் தண்ணீரைப் பின்னால் நீட்டினான். சிபானா ஒரு மிடற்றில் நோன்பைத் திறந்துவிட்டு, போத்தலை றிஃப்னாவிடம் கொடுத்தாள்.

றிஃப்னா வாந்தி எடுக்கவில்லை. வியர்த்திருந்தாள். அவளுக்குப் பயம் வேறாக இருந்தது.

"ராத்தா, முந்தின ரெண்டும் இப்படித்தான். அசையாமப் போய்த்தான் தெரிஞ்சுது. எனக்கு இப்ப நடுக்கத்துல ஒண்டும் விளங்குதில்ல. நீங்க கையை வச்சுப் பாருங்க."

சிபானாவின் கையைப் பிடித்து இழுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள். சிபானா விரல்களை விரித்து அழுத்தினாள். த்ரீவீலர் குலுங்கியது. அவளுடைய கையே உதறிக்கொண்டிருந்தது. உள்ளே ஏதோ புரண்டதா, இல்லை தன் உதறல்தானா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை.

"அசையுதா, ராத்தா?"

"ஓம்" என்றாள் சிபானா. "நல்லா அசையுது."

றிஃப்னா பெருமூச்சு விட்டு, அவளை முழுசாக நம்பி, தோளில் தலையைச் சாய்த்தாள். சிபானா கையை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரும்வரை இன்னும் அந்த அசைவைத் தேடிக்கொண்டே இருந்தாள்.